நானூற்றுப் பன்னிரண்டாம் மீட்டர்

எங்கள் கோர் ஷெட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: கட்டையைத் தொடாதே. மற்ற எதையும் தொடலாம். பாறையைத் தடவலாம், தட்டலாம், நாக்கால் நக்கிக்கூடப் பார்க்கலாம். புவியியல் படித்தவர்கள் அதைச் செய்யாமல் இருக்கவும் மாட்டார்கள். கட்டை பக்கம் மட்டும் கை போகக் கூடாது.

பூமிக்குள் அரைக் கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, கீழே கனிமம் இருக்கிறதா, பாறை உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலைக்கு ஆட்களைத் தயார் செய்யும் மையம் எங்களுடையது. வைர முனை பொருத்திய குழாய், பாறையை வட்டமாக அறுத்துக்கொண்டே இறங்கும். நடுவில் அறுபடாமல் நிற்கும் பாறை மணிக்கட்டுப் பருமனில் உருளையாக, மூன்று மூன்று மீட்டராக மேலே வரும். அதுதான் கோர். நீளத் தட்டுகளில் அதை இடமிருந்து வலமாக, புத்தகத்தில் வரி ஓடுகிற மாதிரி அடுக்குவோம். ஒவ்வொரு மூன்று மீட்டரும் முடிகிற இடத்தில் துளை போடுகிற டிரில்லர் ஒரு சின்ன மரக்கட்டையை வைத்து, அதன் மேல் ஆழத்தை எழுதுவார். மூன்று மீட்டர் அறுத்தும் இரண்டரை மீட்டர்தான் மேலே வந்தது என்றால், அரை மீட்டர் இழப்பு என்று அதையும் எழுதுவார். பாறைக்கு வாய் கிடையாது, எங்கிருந்து வந்தேன் என்று அது சொல்லாது. கட்டை சொல்வதுதான் கணக்கு.

பதினாறு வருடமாக இந்த ஷெட் என் பொறுப்பு. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் என்னை 'கட்டை மேடம்' என்கிறார்கள். நான் ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு என்பதால் அந்தப் பெயர் அவர்களுக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது. எனக்கு வருத்தமில்லை. என் வாய்க்கு இதைவிட மோசமான பெயர் வைத்திருக்க வேண்டும்.

ஷெட்டின் கடைசி மேசையில் பன்னிரண்டு தட்டுகள் தனியாக இருக்கும். வருடா வருடம் கடைசி வாரத்துப் பாடம் அந்தத் தட்டுகளில்தான். அந்தக் கோர் எடுத்த துளைக்கு முப்பதடி தள்ளித்தான் என் கணவர் செத்துப்போனார்.

அவர் சுரங்கத்தில் புவியியலாளர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்தத் துளையின் கோரைப் பார்த்து அறிக்கை எழுதியவர் அவர். பாறை உறுதி என்று எழுதினார். அதை நம்பி, நானூற்றுப் பதின்மூன்று மீட்டர் ஆழத்தில் பம்புகள் வைப்பதற்கு ஓர் அறை குடைந்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு காலை அவர், பம்பு மெக்கானிக், மெக்கானிக்கின் உதவியாளர் மூன்று பேரும் அந்த அறைக்குள் நின்றிருந்தபோது கூரை மொத்தமாக ஒரே பலகையாக இறங்கியது. கூரைக்கு ஒரு மீட்டர் மேலே அறுபது சென்டிமீட்டர் கனத்துக்குக் களிமண் பட்டை ஒன்று இருந்தது பிறகுதான் தெரிந்தது. கோரில் அது இல்லை. துளையிடும்போது உள்ளே விடுகிற தண்ணீர் களிமண்ணைக் கரைத்துக்கொண்டு போயிருந்தது. கரைந்து போனால் போனது என்று கட்டையில் எழுதியிருக்க வேண்டும். எழுதப்படவில்லை.

விசாரணையில் பழி டிரில்லர் மேல் விழுந்தது. அவருடைய அன்றாடத் தாளில் 412.0 என்று எழுதி, அதை அடித்து, 411.4 என்று திருத்தியிருந்தது. திருத்தத்துக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்து. இழப்பு அதிகம் காட்டினால் டிரில்லருக்குக் கெட்ட பெயர். அதனால் அறுபது சென்டிமீட்டரை அறுக்கவே இல்லை என்று கணக்கு காட்டி மறைத்துவிட்டார் என்று தீர்ப்பு. தட்டில் இருந்த கட்டையிலும் 411.4 என்றே இருந்தது. அந்த எண் என் கணவர் கையெழுத்து. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான். மங்கிய எண்களின் மேல் மறுபடி எழுதுவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது.

டிரில்லர் சொன்னார், "நான் இழப்பு எழுதித்தான் கட்டை வெச்சேன். சார் திருத்தச் சொன்னாரு, திருத்தினேன்." நான் எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னால், "செத்தவர் மேல பழி போடறியா நீ?" என்று கத்தினேன். எங்கள் வீட்டில் சாப்பிட்டு, எங்கள் கூடத்தில் படுத்துத் தூங்கிய மனிதரை அன்றுதான் முதல் தடவையாக 'நீ' என்றேன். செத்துப்போன மற்ற இருவரின் மனைவிமாரும் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். டிரில்லரின் உரிமத்தை ரத்து செய்தார்கள்.

அடுத்த வருடம் அந்தக் கோர் எங்கள் மையத்துக்குப் பாடப்பொருளாக வந்தது. அதற்கடுத்த வருடம் அந்த மனிதரே வந்து சேர்ந்தார். எங்கள் இயக்குநருக்கு இரக்கம் அதிகம். ரிக் என்கிற துளையிடும் இயந்திரத்தின் பக்கமே போகக் கூடாது, கொல்லையில் தட்டு கழுவி அடுக்கும் வேலை மட்டும் என்று சொல்லி எடுத்துக்கொண்டார். நான் எதிர்த்து மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். எடுபடவில்லை. விசாரணை நாளுக்குப் பிறகு நான் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. எந்தத் தட்டைக் கழுவ வேண்டும் என்பதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வருவேன். வேலை முடிந்ததும் அவர் அதை அழித்துவிடுவார்.

இந்த வருடம் பதினெட்டு பேர். பாதி புவியியல், பாதி பொறியியல். ரிக்கில் பதினைந்து நாள் எடுபிடியாக நின்று சேறு குளித்துவிட்டு ஷெட்டுக்கு வந்திருந்தார்கள். அதில் ஒரு பெண், இயந்திரப் பொறியியல் படித்தவள். கூட இருப்பவர்கள் அவளுக்குக் 'கேள்வி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பொருத்தமான பெயர்தான். கதவு ஏன் உள்பக்கம் திறக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிப்பாள்.

அன்று காலை பன்னிரண்டு தட்டுகளையும் காட்டி, "இதுல ஒரு இடத்துல அறுபது சென்டிமீட்டர் பாறை காணாமப் போயிருக்கு. கண்டுபிடிங்க," என்று விட்டுவிட்டேன். ஒன்றரை மணி நேரம் குனிந்தும் வளைந்தும் தேடினார்கள். ஒரு பையன்தான் கண்டுபிடித்தான். ஏழாம் தட்டு, மூன்றாவது வரிசை. இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று சேர்கிற மாதிரி இருக்கும். இரண்டும் ஒரே சாய்வில் உடைந்தவை. லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் விளிம்புகள் கூராக இல்லாமல் சோப்புக்கட்டி மாதிரி தேய்ந்திருப்பது தெரியும். நடுவில் இருந்தது கரைந்து போகும்போது தேய்ந்த விளிம்பு.

"சபாஷ்," என்றேன். பிறகு ஒவ்வொரு வருடமும் சொல்வதைச் சொன்னேன். இந்த அறுபது சென்டிமீட்டரை ஒரு டிரில்லர் மறைத்தார். அதனால் மூன்று பேர் செத்தார்கள். டிரில்லரின் தாளைப் படியுங்கள், ஆனால் நம்பாதீர்கள். செத்தவர்களில் ஒருவர் எனக்கு யார் என்பதைச் சொல்வதில்லை. இயக்குநரைத் தவிர மையத்தில் அது தெரிந்தவர் இன்னும் ஒருவர்தான், அவர் கொல்லையில் இருந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம்," என்றாள் கேள்வி.

"உனக்குச் சந்தேகம் வராத நாள்னு ஒண்ணு இருந்தா முன்னாடியே சொல்லிடு. லீவு விட்டுடறேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "இந்தக் கட்டை மட்டும் ஏன் மேடம் சொரசொரப்பான பக்கம் மேல இருக்கு?"

"எந்தக் கட்டை?"

"இதான், 411.4. ரிக்ல பதினஞ்சு நாளும் நான்தான் கட்டை எழுதினேன். பலகையை வெட்டிச் செய்யறதால ஒரு பக்கம் இழைச்சிருக்கும், இன்னொரு பக்கம் இழைக்காம இருக்கும். கை பூரா சேறும் தண்ணியுமா இருக்கறப்ப சொரசொரப்புல எழுதினா மை பரவிடுது. எப்பவும் இழைச்ச பக்கம்தான் எழுதணும்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. இங்க எண்ணிப் பாத்தேன். மொத்தம் இருபத்தொரு கட்டை. இருபது கட்டையில இழைச்ச பக்கம் மேல இருக்கு. இது ஒண்ணுல மட்டும் இல்ல."

நான் குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஆறு வருடமாக இந்தத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று பாடம் நடத்துகிறேன். நான் ஒரு நாள்கூட ரிக்கில் நின்று கட்டை எழுதியவள் இல்லை. ஷெட்டுக்கு வந்த பிறகு இருக்கும் கட்டையைத்தான் எனக்குத் தெரியும்.

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் கட்டையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். பிள்ளைகள் யாரும் நகர்த்திவிடக் கூடாது என்று இந்தப் பன்னிரண்டு தட்டிலும் கட்டைகளின் ஓரத்தில் நானே பசை ஊற்றி ஒட்டியிருந்தேன். இந்தக் கட்டை ஒட்டியே இராதது போலக் கையோடு வந்தது.

"என்ன பண்றே நீ? முதல் நாள் என்ன சொன்னேன்? காது என்ன அலங்காரத்துக்கா?" என்று பாய்ந்தேன்.

அவள் கட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடம், இதுல எழுதியிருக்கு. நானூத்திப் பன்னெண்டு..."

பிடுங்கினேன். இழைத்த பக்கத்தில் கறுப்பு மார்க்கரில் பெரிய பெரிய எழுத்து. 412.0. அதன் கீழே, இழப்பு 0.6. அதற்கும் கீழே, தண்ணி கலங்கல்.

களிமண்ணை அறுக்கும்போதுதான் துளையிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் கலங்கும். இதைப் பாடத்தின் இரண்டாவது நாளே சொல்லிக் கொடுக்கிறோம்.

என் கை தானாகக் கட்டையைப் பழையபடி சொரசொரப்பான பக்கம் மேலே வருமாறு திருப்பி, அதே இடத்தில் வைத்து அழுத்தியது. "பத்து நிமிஷம். எல்லாரும் போய் டீ குடிச்சிட்டு வாங்க," என்றேன்.

"மேடம், அதுல..."

"டீ குடிக்கச் சொன்னேன்."

எல்லோரும் போனார்கள். கேள்வி வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நான் தனியாக நின்றேன். பயமாக இருந்தது. ஒரு புட்டி பசை என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. நாலு சொட்டு விட்டால் போதும். அந்தப் பெண் படித்தது ஒரு எண், அவ்வளவுதான்; ஏதோ பழைய கட்டையை மறுபடி உபயோகித்திருக்கிறார்கள் என்று சொன்னால் நம்பிவிடுவாள். இல்லை, நம்ப மாட்டாள். ஆனால் மேற்கொண்டு என்ன செய்துவிட முடியும்? இழுப்பறை வரைக்கும் போனேன், அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. புட்டியைக் கையில் எடுத்தபோதுதான் இன்னொன்று தோன்றியது: கொல்லையில் இருக்கிற அந்த ஆள் தினமும் தட்டுகளைக் கையாளுகிறார். அவரே எழுதி வைத்திருக்கலாமே. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதி எவ்வளவு வேகமாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

கட்டையை எடுத்துக்கொண்டு நேராகக் கொல்லைக்குப் போனேன்.

அவர் தொட்டிக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து பிரஷ்ஷால் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார். முடியெல்லாம் நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

கட்டையை முகத்துக்கு நேரே நீட்டினேன். ஏழு வருடத்துக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "இதை எப்ப எழுதினீங்க?"

அவர் கட்டையைப் பார்த்தார். கையில் வாங்கவில்லை. "ஒன்பது வருஷம் ஆச்சு. காலையில பதினோரு மணி இருக்கும்."

"பொய்."

"இதைத்தான் சொல்லுவீங்கன்னு தெரியும்."

"தெரியுமா? அப்ப இது அடியில இருக்குன்னு முன்னாடியே தெரியுமா?"

"மூணு வருஷமாத் தெரியும், மேடம். தட்டைக் கழுவறப்ப பசை விட்டுக் கையோட வந்துச்சு. திருப்பிப் பாத்தேன். இருந்தபடியே வெச்சிட்டேன்."

"ஏன் வெச்சீங்க? எங்கிட்ட வந்து காட்டறதுக்கு என்ன?"

"காட்டியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" குரலை உயர்த்தவே இல்லை. "எப்ப எழுதினேன்னு கேட்டிருப்பீங்க."

அவர் என் கழுத்தைக் காட்டினார். "லென்ஸ் கழுத்துலயே தொங்குது. நான் சொல்றதை நம்ப வேணாம். அதை வெச்சுப் பாருங்க."

பார்த்தேன். எங்கள் படிப்பில் முதல் வகுப்பில் முதலில் சொல்வது, மேலே இருப்பது பின்னால் வந்தது, கீழே இருப்பது முன்னால் வந்தது என்பது. மரத்தின் மேல் மை. மையின் மேல் சாம்பல் நிறத்தில் காய்ந்த சேறு, மெல்லிய ஏடாக, 'தண்ணி' என்ற எழுத்தின் பாதியை மூடியிருந்தது. அந்தச் சேற்றின் மேல், ஓரத்திலிருந்து அடியில் கசிந்து பரவிய மஞ்சள் பசை. 'கலங்கல்' என்பதன் கடைசி எழுத்து அந்தப் பசைக்கு அடியில் கண்ணாடிக்குள் இருப்பது போலத் தெளிவாகத் தெரிந்தது. அது நான் ஆறு வருடத்துக்கு முன்னால் என் கையால் ஊற்றிய பசை. அவர் இந்த மையத்துக்கு வருவதற்கு ஒரு வருடம் முன்னால்.

கண்ணிலிருந்து லென்ஸை எடுக்காமலே நின்றேன். எடுத்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"நான் காட்டினா செல்லாது. வேற யாராச்சும் எடுக்கணும்," என்றார். "ஒவ்வொரு வருஷமும் பிள்ளைங்க வருவாங்க. புத்திசாலிப் பிள்ளைங்க. யாராவது ஒருத்தர் கட்டையைத் தூக்கிப் பாப்பாங்கன்னு இருந்தேன். மூணு பேட்ச் போயிடுச்சு. ஒருத்தர் தொடல. அவ்வளவு நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க."

அவர் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரிதான் சொன்னார். கவிழ்த்து வைத்திருந்த தட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. வந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

"அவரு தெரிஞ்சேதான் பண்ணாரா?" என்று கேட்டேன்.

"சே, இல்ல. சாருக்குப் பொய் வராது. ரெண்டு துண்டையும் கையில எடுத்துச் சேர்த்துக் காட்டினாரு. 'பாருய்யா, எவ்வளவு அழகா சேருது. நடுவுல ஒண்ணும் போகல. நீதான் குழாய் அளவைத் தப்பா எடுத்திருக்கே'ன்னாரு. பாத்தா எனக்கும் சேர்ற மாதிரிதான் இருந்துச்சு. அவரு படிச்சவரு. தாளைத் திருத்துன்னாரு, திருத்திக் கையெழுத்துப் போட்டேன். கட்டையை அவரே திருப்பிப் போட்டு எழுதியிருக்காருன்னு மூணு வருஷம் முன்னாடிதான் எனக்கும் தெரிஞ்சுது." பிரஷ்ஷில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் வழித்துவிட்டார். "தண்ணி கலங்குச்சுன்னு நான் இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் தப்பு. விசாரணையில அதையும் சொன்னேன். நான் சொன்னதுல அதை மட்டும் எழுதிக்கிட்டாங்க."

என் கணவரை எனக்குத் தெரியும். துண்டுகள் சேர்ந்தால் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. உடைந்த தட்டை ஒட்டினாலும், மகளின் கிழிந்த படத்தை ஒட்டினாலும், சேர்ந்துவிட்டது பார் என்று கூப்பிட்டுக் காட்டுவார். கெட்ட எண்ணமே இல்லாமல், நிச்சயமாகத் தெரியும் என்ற நினைப்பில், ஒரு கட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறார். அந்த நினைப்பு அவரையும் கொன்று இன்னும் இரண்டு பேரையும் கொன்றது. ஒன்றும் செய்யாத நாலாவது மனிதரை அழிக்கும் வேலையை நான் பார்த்துக்கொண்டேன்.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏழு வருடத்துக்கு அந்த ஒரு வார்த்தையைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்வது அநியாயமாகப் பட்டது. "நான் எழுதித் தரேன். விசாரணை ஆபீசுக்கு. மத்த ரெண்டு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்றேன்," என்றேன்.

"முதல்ல வீட்டுல பாப்பாகிட்ட சொல்லுங்க," என்றார். "வெளிய யாராவது சொல்லித் தெரிஞ்சா தாங்காது."

"இப்ப கிளாஸுக்கு வாங்க. பிள்ளைங்க முன்னாடி சொல்லணும்."

"இன்னும் ஒன்பது தட்டு மிச்சம் இருக்கு, மேடம்," என்று குழாயைத் திறந்தார். நான் வற்புறுத்தவில்லை. நான் கூப்பிட்டதும் எழுந்து வர வேண்டும் என்று அவருக்கு என்ன தலையெழுத்து?

திரும்பி வந்தபோது பதினெட்டு பேரும் மேசையைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஏழாம் தட்டில் கட்டை இருந்த இடம் காலியாக இருந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். கட்டையை வெள்ளைத் துணியில் வைத்து நடுவில் தள்ளினேன்.

"காலையில நான் சொன்னது தப்பு," என்றேன். "இழைச்ச பக்கம் எழுதினது டிரில்லர். அவர் எதையும் மறைக்கல. எவ்வளவு போச்சுன்னும் எழுதியிருக்காரு, ஏன் போயிருக்கும்னும் எழுதியிருக்காரு. சொரசொரப்பான பக்கம் எழுதினது புவியியலாளர். ரெண்டு துண்டும் சேருதுன்னு நம்பி, இதைத் திருப்பிப் போட்டுட்டாரு. செத்த மூணு பேர்ல அவரும் ஒருத்தர். அவர் என் வீட்டுக்காரர்."

கேள்வி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த டிரில்லர் கொல்லையில தட்டு கழுவிக்கிட்டிருக்காரு. தினமும் நீங்க பாக்கறவர்தான். ஆறு வருஷமா இதே இடத்துல நின்னு, அவர் பொய்யர்னு நூத்திச் சொச்சம் பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். அவங்க எல்லாம் எங்கெங்கேயோ வேலை பாக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கா எழுதணும்."

லென்ஸை கேள்வியிடம் கொடுத்தேன். "மை, சேறு, பசை. எது முதல்ல, எது பின்னாலன்னு எல்லாரும் பாத்து எழுதுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எனக்குச் சாட்சி வேணும்."

அவள் கட்டையை எடுக்கப் போய்க் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "தொடலாமா மேடம்?"

"தொடு," என்றேன்.

வரிசையாக வந்து பார்த்தார்கள். எழுதினார்கள். நான் மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து விசாரணை அலுவலகத்துக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். முதல் வரியில் நான் யார் என்று சொல்ல வேண்டியிருந்தது. இறந்தவரின் மனைவி என்று எழுதினேன். மூன்று பேர் இறந்திருக்கிறார்கள், யாருடைய மனைவி என்று தெளிவாக இல்லையே என்று அடித்துவிட்டு, அறிக்கை எழுதிய புவியியலாளரின் மனைவி என்று திருத்தினேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நாலு மணிக்கு மகள் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்துவிடுவாள். பதினைந்து வயது. அப்பா போனபோது எட்டு. வீடு போய்ச் சேரும்வரை காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. வழியில் மனசு மாறிவிடும் என்று பயந்தேன். ஷெட் வாசலில் நின்று போன் செய்தேன்.

"என்னம்மா இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா? குரல் ஒரு மாதிரி இருக்கு."

"உக்காந்துக்கோடா. ஒரு விஷயம் சொல்லணும். அப்பா விஷயம்."

"என்ன?"

"அந்தக் கோர்ல தப்பு பண்ணது அப்பாதான். வேணும்னு பண்ணல. ஆனா அவர்தான். இன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன். மாமா ஒரு தப்பும் பண்ணல."

அழுகிறாளோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். கொல்லையில் தண்ணீர் விழும் சத்தம்தான் கேட்டது. எட்டு வயது வரைக்கும் மாமா மாமா என்று அந்த டிரில்லரின் தோளை விட்டு இறங்காத பெண். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவருக்கு 'அந்த ஆள்' என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. அப்படித்தான் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"எந்த மாமா?" என்று கேட்டாள்.